புதுக் கணினிக்குக் குடிபெயர்தல்

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அருணாசலேசுவரர் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி கூடியிருக்கும் இச்சபையில் ஞானத்தைப் பற்றியோ பக்தியைப் பற்றியோ பேசுவதற்கு என்னைவிடத் தகுதியுடையவர்கள் இவ்வூரில் வீதிக்கு வீதி இருக்கிறார்கள். ஆகையால், அவர்கள் தொடாததும், ஆனால் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா முதல் கல்லூரி மாணவர் வரையில், செங்கம் சாலையில் கல்யாணப் பத்திரிகை அச்சிடுகிறவர் முதல் கிரிவலப் பாதையில் ரயில் டிக்கெட் பதிவு செய்து கொடுக்கிறவர் வரையில், எல்லோரையும் சில வருஷங்களுக்கு ஒருமுறை வாட்டி எடுப்பதுமான ஒரு லௌகிக விஷயத்தை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய கணினி தளர்ந்துபோய்ப் புதியது வந்து சேரும்போது, பழையதில் நிறுவி வைத்திருந்த மென்பொருள்களைப் புதியதில் எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பதே அந்த விஷயம்.

சாமான்யமாக எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற உபாயம், இருக்கிற ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய்ப் புதிய கணினியில் இறக்கிவிடலாம் என்பதுதான். கடிதமும் கணக்கும் புகைப்படமும் அவ்விதம் நன்றாகவே பிரயாணம் செய்யும். மென்பொருள் மட்டும் செய்யாது. ஏனென்றால், ஒரு மென்பொருள் நிறுவப்படும்போது அது தன் பெயருள்ள ஃபோல்டருக்குள் மட்டும் ஒடுங்கி உட்கார்ந்துவிடுவதில்லை. தனக்கு வேண்டிய துணைக்கோப்புகளை வேறொரு பொது இடத்தில் வைத்துக்கொள்கிறது, விண்டோஸாக இருந்தால் ரெஜிஸ்ட்ரி என்னும் பெரும் பதிவேட்டில் தன்னைப் பற்றிய விவரங்களை ஆங்காங்கே எழுதிவிடுகிறது, விலை கொடுத்து வாங்கியதாக இருந்தால் அந்தக் கணினியின் அடையாளத்தோடு தன் உரிமத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. இத்தனை வேர்களையும் அறுத்துவிட்டு மரத்தை மட்டும் பிடுங்கி வந்தால் அது துளிர்க்காது. விண்டோஸ் 7 காலத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஈஸி டிரான்ஸ்ஃபர் என்று ஒரு சாதனத்தை அளித்தது. அதுகூடக் கோப்புகளையும் அமைப்புகளையும் கொண்டு சேர்த்ததே யன்றி, மென்பொருள்களை நீங்களே மறுபடி நிறுவிக்கொள்ளுங்கள் என்று கைவிரித்துவிட்டது.

இந்த ஊரில் இருந்துகொண்டு இவ்விஷயத்தை யோசிக்கிறவனுக்கு ஒரு திருஷ்டாந்தம் தேடிப் போக வேண்டியதில்லை. 2017-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இக்கோயிலுக்கு நடந்த கும்பாபிஷேகத்தை உங்களில் பலர் கண்ணாரக் கண்டிருப்பீர்கள். திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்கிறார்கள். அப்போது மூலவரைக் கல்லோடு பெயர்த்து எடுத்துப் போவதில்லை. கலாகர்ஷணம் என்னும் கிரியையினால், விக்கிரகத்தில் உறையும் சாந்நித்தியத்தைக் கும்ப ஜலத்திலோ சித்திரத்திலோ ஆவாஹனம் செய்து வைத்து, வேலை முடிந்தபின் திரும்பக் கொண்டு சேர்க்கிறார்கள். கனமான பொருளைச் சுமக்காமல், அதை அதுவாக ஆக்குவது எதுவோ அதை மாத்திரம் கொண்டு போவது என்கிற அந்த வழிதான் நான் சொல்லப்போகிற வழியும். உபமானத்தை இதற்கு மேல் இழுத்தால் ஆகம பண்டிதர்கள் கோபித்துக்கொள்வார்கள், இதோடு விட்டுவிடுகிறேன்.

மென்பொருளைச் சுமக்க வேண்டாம், அதன் பெயரைச் சுமந்தால் போதும் என்று சொல்லத்தக்க நிலை எப்போது உண்டாயிற்று என்று பார்ப்போம். 1993-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி அமெரிக்காவில் ஈயன் மர்டாக் என்ற மாணவர் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதள வெளியீட்டை அறிவித்தார். எவனோ ஒருவன் தன் அறையில் உட்கார்ந்து கட்டிய வஸ்துவாக அது இராமல், உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் ஆளுக்கொரு மென்பொருளைப் பொறுப்பேற்றுப் பக்குவம் செய்து தரும் கூட்டு முயற்சியாக இருக்க வேண்டும் என்பது அவர் சங்கல்பம். நூறு பேர் நூறு இடத்தில் தயாரிப்பதை ஒரே கணினியில் சண்டையில்லாமல் குடியிருக்கச் செய்ய வேண்டுமானால், ஒவ்வொன்றையும் ஒரே மாதிரியாகக் கட்டி, மேலே சீட்டு ஒட்டி, இது இன்னது, இன்ன பதிப்பு, இதற்கு இன்னின்னவை துணை வேண்டும் என்று எழுதிவைக்கும் ஒரு வியவஸ்தை அவசியமாயிற்று. அவ்வாறு கட்டிய மூட்டையைத்தான் தமிழில் லினக்ஸ் அன்பர்கள் பொதி என்கிறார்கள். பொதிகளை நிறுவவும் நீக்கவும் கணக்கு வைக்கவும் டிபிகேஜி என்ற கருவி எழுந்தது. இன்றும் வழங்கும் அதன் முக்கிய பாகத்தை ஈயன் ஜாக்சன் என்பவர் 1994-இல் எழுதினார். அதன் மேல், சார்ந்த பொதிகளைத் தானே தேடி, இணையத்திலுள்ள பொதுக் களஞ்சியத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் ஆப்ட் என்னும் கருவி 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1-உடன் புறப்பட்டது. பாக்கேஜ் மேனேஜர் என்று இன்று சொல்லப்படுவது இந்த ஏற்பாட்டைத்தான்.

இதில் நாம் கவனிக்கவேண்டிய அம்சம், மென்பொருள் உங்கள் கணினியில் இருப்பது ஒரு பிரதி மாத்திரமே என்பதாகும். மூலம் பொதுக் களஞ்சியத்தில் இருக்கிறது; பெயர் சொல்லிக் கேட்டவர்க்கெல்லாம் அது கிடைக்கும்; கேட்கிற கணினி பழையதா புதியதா என்று அது பார்ப்பதில்லை. அப்படியிருக்கும்போது, பிரதியைக் கட்டிச் சுமப்பது வீண் சிரமம். பழைய கணினியில் என்னென்ன பொதிகள் இருக்கின்றன என்று ஒரு ஜாப்தா, அதாவது பட்டியல், எடுத்துக்கொண்டு, அந்த ஜாப்தாவைப் புதிய கணினியின் கையில் கொடுத்தால், அது களஞ்சியத்துக்குப் போய் வேண்டியதையெல்லாம் வாங்கி வந்துவிடும். டிபிகேஜிக்கு கெட் செலக்‌ஷன்ஸ் என்று ஆணையிட்டால் ஜாப்தா கிடைக்கும். புதியதில் செட் செலக்‌ஷன்ஸ் என்று கொடுத்து, ஆப்ட்டுக்கு டிசெலக்ட் அப்கிரேட் என்று சொன்னால் மீதி வேலை நடக்கும். முந்நூறு நானூறு பக்கப் புஸ்தகத்தைவிடச் சிறிய ஓர் எழுத்துக் கோப்பு, பல ஜீபி மென்பொருளுக்குப் பிரதிநிதியாகிவிடுகிறது.

ஆனால் இந்த ஜாப்தாவை எடுத்துப் பார்த்தவர்கள் திகைத்துப்போவார்கள். நான் பயன்படுத்துவது ஒரு பிரௌசர், ஒரு எழுத்துச் செயலி, படம் திருத்தும் கிம்ப், பாட்டுக் கேட்க ஒன்று, இவ்வளவுதானே என்று நினைப்பவரின் ஜாப்தாவில் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு பெயர்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை அவர் கேட்டு வந்தவை அல்ல. கேட்டு வந்தவற்றுக்குத் துணையாகக் கூட வந்தவை. ஆப்ட் இந்த வேற்றுமையைக் கணக்கில் வைத்திருக்கிறது: நீங்கள் வாய்விட்டுக் கேட்டதைக் கைமுறை என்றும், அதற்காக வந்ததைத் தானியங்கி என்றும் குறித்துக்கொள்கிறது. கைமுறையாக வைத்ததை ஒருநாள் நீக்கினால், அதற்காக மட்டும் வந்திருந்த துணைகளையும், இனி வேலையில்லை என்று கண்டு, நீங்கள் சொன்னால் அனுப்பிவிடும். இந்தக் குறிப்பு ஆப்ட்டின் பிரத்தியேகக் கோப்பொன்றில் இருக்கிறதே யன்றி, டிபிகேஜி தரும் ஜாப்தாவில் இல்லை. ஆகவே முதலில் சொன்ன வழியில் குடிபெயர்கிறவர், ஆயிரத்தைந்நூறு பொதிகளையும் தாமே விரும்பிக் கேட்டது போலப் புதிய கணினியில் பதிவு செய்துவிடுகிறார். அன்று முதல் அந்தக் கணினி எதையும் விடாது. எவருக்காக வந்தது என்றே தெரியாத துணைப் பொதிகள் வருஷக்கணக்கில் அங்கே குடியிருக்கும்.

இதனால்தான் முழு ஜாப்தாவைவிடச் சிறிய ஜாப்தாவே மேலானது என்பது என் அபிப்பிராயம். ஆப்ட்-மார்க் என்ற கட்டளைக்கு ஷோ மேனுவல் என்று சொன்னால், கைமுறையானவை மட்டும் வரும். அதிலும், முதல்முதலில் இயங்குதளத்தை நிறுவியபோது நிறுவும் மென்பொருளே கைமுறை என்று குறித்துவைத்த அடிப்படைப் பொதிகள் கலந்திருக்கும். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு அவற்றைக் கண்ணால் பார்த்துக் கழித்துவிட்டால், கடைசியில் நிற்பது நாற்பது ஐம்பது பெயர்கள். அந்த நாற்பது பெயர்தான் உங்கள் கணினி உங்களுடையது என்பதற்கு அத்தாட்சி. மற்றவை எந்தக் கணினியிலும் இருக்கக்கூடியவை. சார்புகளைக் கணக்கிடுவது இயந்திரத்தின் தொழில்; அதைவிட நன்றாக அதை நாம் செய்துவிட முடியாது. நாம் தீர்மானித்தது எது என்பதை மட்டும் நாம் சொன்னால் போதும். பதிப்பு மாறினாலும் இந்தச் சிறிய ஜாப்தா செல்லும். பெரிய ஜாப்தா செல்லாது. காரணம், பதிப்புக்குப் பதிப்பு துணைப் பொதிகளின் பெயர்களிலேயே எண் மாறிக்கொண்டிருக்கும். பழைய எண்ணைப் போய்ப் புதிய களஞ்சியத்தில் கேட்டால் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றுதான் பதில் வரும்.

நாம் தெரிந்தெடுத்த பெயர்களிலும் சில காலப்போக்கில் மாறிவிடுவது உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசரை வியாபாரச் சின்னத் தகராறு காரணமாக டெபியன் 2006 முதல் ஐஸ்வீசல் என்ற பெயரில் வழங்கிவந்து, 2016-இல் சமாதானம் ஆனபின் மறுபடி ஃபயர்ஃபாக்ஸ் என்றே வழங்கத் தொடங்கியது. 2011-இல் வெளியான டெபியன் 6-இல் ஓபன் ஆபீஸ் இருந்தது. 2013-இல் வெளியான 7-இல் அதன் ஸ்தானத்தில் லிப்ரே ஆபீஸ் வந்து அமர்ந்துவிட்டது. முப்பத்திரண்டு பிட் கணினியிலிருந்து அறுபத்து நான்கு பிட் கணினிக்குப் போகிறவர், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கட்டமைப்புக் குறியை நீக்கிவிட வேண்டும். டெபியனோ அதன் வழிவந்த உபுண்டுவோ அல்லாத வெளிக் களஞ்சியங்களிலிருந்து வாங்கியவை இருந்தால், அக்களஞ்சியங்களின் முகவரிகளையும், அவற்றின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவிகளையும் முன்னதாகப் புதிய கணினியில் சேர்த்துவிட வேண்டும். இன்னொன்று: புதிய கணினியில் ஜாப்தாவைக் கொடுத்தவுடன், இப்பொதிகளை நான் அறியேன் என்று டிபிகேஜி வரிசையாக எச்சரிக்கும். அது ஜாப்தாவின் குற்றம் அன்று. களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்கிற விவரத்தை ஆப்ட் அறியும், டிபிகேஜி அறியாது. அந்த விவரத்தை முதலில் டிபிகேஜிக்கு ஊட்டிவிட்டால் எச்சரிக்கை நின்றுவிடும்.

இதெல்லாம் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சொந்தமான விஷயம், நமக்கு ஏது என்று எவரும் நினைக்க வேண்டாம். மத்திய அரசின் சி-டாக் ஸ்தாபனம் சென்னையில் டெபியனை ஆதாரமாகக் கொண்டு பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி அண்ணா பிறந்த நாளன்று தமிழ்நாட்டு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குச் சென்ற கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தபோது, தமிழ்நாட்டு அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி யோசனை கூறியது. சர்க்கார் ஆபீஸ்களில் அந்த யோசனை எவ்வளவு தூரம் பலித்தது என்பதை உங்கள் தாலுகா ஆபீஸுக்குப் போகிறபோது நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இவ்வளவு நிச்சயம்: ஒரு துறையின் நூறு கணினிகளில் ஒரே மாதிரி மென்பொருள் வேண்டுமானால், நூறு இடத்தில் ஒருவர் உட்கார்ந்து மவுஸைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஒரே ஜாப்தா நூறு இடத்துக்கும் போதும். பள்ளிக்கூடத்துக் கணினி அறைக்கும் இதுவே வழி.

இனி, எந்த ஜாப்தாவிலும் வராதவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மவர்கள் நஷ்டப்படுவது பெரும்பாலும் இங்கேதான். பாக்கேஜ் மேனேஜர் தான் நிறுவியதை மட்டும் அறியும். நம் ஊர் டிடிபி மையங்களில் புழங்கும் தமிழ் எழுத்துருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு முந்திய காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி ஒரு குறியாக்கத்தை வகுத்தது; 1999-இல் தாம், தாப் என்ற இரண்டு குறியாக்கங்களைத் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்தியது; 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் டேஸ் 16 என்பதையும் ஏற்றது. ஆனால் பத்திரிகை அச்சிடுகிறவரிடம் பத்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் கருமாதிப் பத்திரிகைகளும் பழைய எழுத்துருக்களிலேயே கிடக்கின்றன. அந்த எழுத்துரு ஏதோ ஒரு குறுந்தகட்டிலிருந்து என்றோ ஏற்றியது. குறுந்தகடு இன்று இல்லை. அவர் ஜாப்தாவை மட்டும் நம்பிப் பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால், புதிய கணினியில் பழைய பத்திரிகையைத் திறக்கும்போது மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகள் நிற்கும். லோஹித் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் களஞ்சியத்தில் பொதியாகவே கிடைக்கின்றன. தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியும் அதன் எம்17என் பொதியும் போதும். பழைய எழுத்துருக்களோ கையால் எடுத்துப்போகவேண்டியவை. நிறுவி வைத்தவற்றுள் எழுத்துருக் கோப்பு ஒன்றுதான் இந்தக் கதையில் அப்படியே சுமந்து போனாலும் பிழைத்துக்கொள்ளும் பிராணி என்பது ஒரு சௌகரியம்.

அதே போல, நீங்கள் மாற்றியமைத்த அமைப்புகள். பிரிண்டர் எது, நெட்வொர்க் எவ்விதம், எந்த வேலை எந்த நேரத்தில் நடக்கவேண்டும் என்பன போன்ற கணினிக்குப் பொதுவான அமைப்புகள் லினக்ஸில் எட்சி என்ற அடைவில் இருக்கும். உங்கள் சொந்த விருப்பங்கள் ஹோம் அடைவில், புள்ளியில் தொடங்கும் பெயரோடு மறைந்திருக்கும். ஹோம் அடைவை முழுமையாக எடுத்துச் செல்லலாம், செல்லவும் வேண்டும். எட்சி அடைவை அப்படியே புதியதன் மேல் கொட்டக் கூடாது; பழைய வட்டின் அடையாளமும் பழைய கணினியின் பெயரும் அதில் எழுதியிருக்கும், புதிய கணினி எழுந்திருக்கவே மறுத்துவிடலாம். அதை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, வேண்டிய கோப்பை வேண்டியபோது பார்த்து எழுதுவதே உசிதம். பைதான் பயில்கிற மாணவர்கள் பிப் என்னும் கருவி கொண்டு நிறுவியவற்றுக்கும், ஃபிளாட்பாக், ஸ்னாப் என்னும் வேறு ஏற்பாடுகள் வழியாக வந்தவற்றுக்கும் தனித்தனி ஜாப்தாக்கள் உண்டு. அவற்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

களஞ்சியத்துக்குப் போய் வாங்குவதென்றால் இணைய இணைப்பு வேண்டுமே என்று ஒருவர் ஆக்ஷேபிக்கலாம், நியாயமான ஆக்ஷேபம். பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தன்றும், லட்சக்கணக்கான ஜனங்களின் கைப்பேசிகள் ஒருங்கே வானத்தை நெரிக்கிற இவ்வூரில், அந்த நாட்களில் ஐந்து ஜீபி இறக்க முற்படுகிறவருக்கு மலையைப் பத்து முறை சுற்றிவருவதே சீக்கிரமான காரியமாக இருக்கும். நமது ஜில்லாவிலேயே ஜவ்வாது மலைப் பக்கத்துக் கிராமங்களின் நிலையோ பண்டிகையில்லாத நாளிலும் சொல்லும்படியாக இல்லை. இதற்கென்றே ஆப்ட்-ஆஃப்லைன் என்று ஒரு கருவி இருக்கிறது. அதை எழுதியவர் ரிதேஷ் ராஜ் சராஃப் என்ற இந்தியர், டெபியன் திட்டத்தில் பணிபுரிபவர். இணைப்பு இல்லாத கணினியில் அது, வேண்டிய பொதிகள் இவை, அவை கிடைக்கும் முகவரிகள் இவை என்று ஒரு சீட்டு எழுதித் தரும். அந்தச் சீட்டைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கி வந்து, இணைப்பு உள்ள எந்தக் கணினியிலும், அது விண்டோஸாக இருந்தாலும் பாதகமில்லை, கொடுத்தால், அத்தனையையும் இறக்கி ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்துவிடும். மலை ஏறிப்போய் அவிழ்த்தால் முடிந்தது. சீட்டு எழுதும் கணினி, தன்னிடம் ஏற்கனவே இருக்கும் துணைகளைக் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறது என்பதனால் அனாவசியமாக ஒன்றும் இறங்குவதில்லை. என் எண்ணத்தில், நகரத்து அன்பர்கள் எழுதிய எத்தனையோ ஆடம்பரமான மென்பொருள்களைவிட இந்தச் சிறு கருவி நம் நாட்டு நிலைமையை அதிகமாக உணர்ந்து செய்யப்பட்டது.

விண்டோஸ் உபயோகிப்பவர்கள் இதுவரை பொறுமையாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் இப்போது ஒரு வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் 2020-இல் அறிவித்து அடுத்த வருஷம் முதல் பதிப்பாக வெளியிட்ட விங்கெட் என்னும் கருவிக்கு எக்ஸ்போர்ட் என்று சொன்னால் ஜாப்தா எழுதும். புதியதில் இம்போர்ட் என்று சொன்னால் நிறுவும். ஆனால் அதன் களஞ்சியத்தில் இல்லாதவற்றை, இது என் கணக்கில் இல்லை என்று சொல்லி விட்டுவிடும். நம் அச்சகத்தார் விலை கொடுத்து வாங்கிய பக்க வடிவமைப்பு மென்பொருளின் உரிமத்தையும் அது கொண்டு வராது. வாங்கியபோது வந்த சாவி எண்ணை எங்கே வைத்தோம் என்று தேடும் படலம் தனி. மாக் கணினிக்காரர்களுக்கு 2009-இல் மாக்ஸ் ஹவல் தொடங்கிய ஹோம்பிரூவும், அதில் பண்டில் என்ற பகுதியும் இதே காரியத்தைச் செய்கின்றன. ஹாலந்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா தமது ஆராய்ச்சியின் பயனாக அளித்த நிக்ஸ், ஜாப்தாவை முதலில் எழுதிவிட்டு அதிலிருந்தே கணினியைப் பிறப்பிக்கிறது. அதைக் கையாள ஓரளவு தபஸ் வேண்டும் என்பதால் இன்று விவரிக்கவில்லை. கற்க விரும்புவோர்க்கு 2012 முதல் வெளிவரும் கணியம் இதழில் தமிழிலேயே பல கட்டுரைகள் உண்டு. பக்கத்து விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு அமர்கிறேன். பழைய கணினி நன்றாக இருக்கும்போதே ஜாப்தா எடுக்கலாம். அது ஒரு நாள் காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் என்ன செய்வது? வட்டு முற்றிலும் அழிந்திருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கணினி எழாவிட்டாலும் வட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் படிக்க முடிகிறது என்றால், டெபியனும் அதன் வழிவந்த உபுண்டு, பாஸ் முதலியனவும் வார் என்ற அடைவுக்குள்ளிருக்கும் பேக்கப்ஸ் என்ற அடைவில், எந்தெந்தப் பொதி நிறுவப்பட்டிருக்கிறது என்கிற பதிவேட்டை நீங்கள் கேளாமலே, மாறிய நாட்களில் பிரதியெடுத்து, முந்திய சில பிரதிகளையும் சுருக்கி வைத்திருக்கும். டிபிகேஜி ஸ்டேடஸ் என்ற பெயரில் தேடுங்கள். ஆப்ட்டின் கைமுறைக் குறிப்பும் அங்கேயே இருக்கும். இரண்டும் சேர்ந்து சில எம்பிக்கு மேல் வராது. அவற்றை இன்றிரவே வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ எழுதி, மேலே கணினியின் பெயரையும் தேதியையும் குறித்து வைத்துவிடுங்கள்.